உடல் எடையும் தோல் நலமும்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் உடல் நலத்தைப் பற்றி உரையாற்றுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நாம் மருத்துவர் அல்லோம். அரசுப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர். ஆயினும், ஆண்டுதோறும் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பதிவேட்டில் எழுதி வருபவர்கள் என்ற முறையிலும், அவர்களுடைய முகத்தையும் கைகால்களையும் நாள்தோறும் பார்ப்பவர்கள் என்ற முறையிலும், இப்பொருள் குறித்துச் சில செய்திகளை உங்கள்முன் வைக்கும் கடமை நமக்கு உண்டு என்று கருதுகின்றோம்.

உடல் எடை, தோலின் நலம் என்னும் இவ்விரண்டும் வசதி படைத்தோரின் அழகுக் கவலைகள் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. நம் மக்களைப் பொறுத்தவரை இவை நோயைப் பற்றியவை. நோயைவிட ஒரு படி மேலாக, மானத்தைப் பற்றியவை. நம் முன்னோரைக் குளத்தில் இறங்கவிடாமலும் கிணற்றில் நீர் எடுக்கவிடாமலும் தடுத்தவர்களே, பின்னர் அவர்களை அழுக்கானவர்கள் என்றும் இகழ்ந்தனர். 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது தாகத்தைத் தணிப்பதற்காக மட்டும் அன்று. நீர் எல்லோர்க்கும் பொது என்பதை நிலைநாட்டவே அவர் அதனைச் செய்தார். அந்தப் பழைய இகழ்ச்சி இன்று வேறு உருவில் வருகின்றது. 'கறுப்பு' என்றும் 'அழுக்கு' என்றும் நம் பிள்ளைகளின் காதில் அது விழுகின்றது. அதைக் கேட்டுக் கேட்டு, தம் தோலையே ஒரு குற்றமாக எண்ணும் பிள்ளைகளை நாம் காண்கின்றோம். ஆதலின் தோலைப் பற்றி முதலில் பேசுவோம்.

கறுப்பு நிறம் நோயன்று. தோலின் மேலடுக்கில் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கும் அணுக்கள் உள்ளன. வெள்ளை நிறத்தவர், கறுப்பு நிறத்தவர் என இருவர்க்கும் இவ்வணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறப்பொருளின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. வெயில் மிகுந்த நாட்டில் வாழ்வோர்க்கு இந்நிறம் இயற்கை பிடித்த குடையாகும். கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் தோலின் உட்பகுதியைக் கெடுக்காமல் அது காக்கின்றது. குடையைக் கிழித்தெறிந்துவிட்டு வெயிலில் நிற்பவனை அறிவுடையவன் என்று எவரும் கூறார்.

இருந்தும் என்ன நேர்கின்றது? 1975ஆம் ஆண்டு 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் பூச்சு இந்தியச் சந்தைக்கு வந்தது. வேலை கிடைப்பதும் திருமணம் நடப்பதும் சிவந்த முகத்தால்தான் என்று விளம்பரங்கள் ஒரு தலைமுறை முழுவதற்கும் பாடம் நடத்தின. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2020இல் அப்பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல் நீக்கப்பட்டது. பெயர் மாறினும் ஆசை மாறவில்லை. இன்று பெயரும் முகவரியும் இல்லாத பல பூச்சுகள் சிறிய டப்பிகளில் நம் தெருக்களுக்கே வந்து சேருகின்றன. 'ஒரே வாரத்தில் வெளுப்பு' என்று சொல்லி விற்கின்றனர். ஒரே வாரத்தில் ஒரு பூச்சு தோலை வெளுக்கச் செய்கின்றது எனில், அதில் இரண்டு பொருள்களில் ஒன்று இருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

ஒன்று பாதரசம். இது மெலனின் உண்டாவதைத் தடுக்கின்றது. தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள் சிலருக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய் ஏற்பட்டதை 2023ஆம் ஆண்டு மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை, ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப் பூச்சுகளை 2020ஆம் ஆண்டோடு நிறுத்த வேண்டும் என்று விதித்தது. விதி இருப்பினும், சீட்டு ஒட்டப்படாத டப்பிக்குள் என்ன இருக்கின்றது என்று யார் பார்க்கின்றார்கள்?

மற்றொன்று ஸ்டீராய்டு என்னும் மருந்து. இது சில தோல் நோய்களுக்கு மருத்துவர் அளவறிந்து தருவது. அதனை முகம் வெளுக்க நாள்தோறும் பூசினால், முதலில் பளபளப்புத் தோன்றும், பின்னர் தோல் மெலியும், முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும், பெண்களின் முகத்தில் மயிர் வளரும். நிறுத்தினால் எரிச்சல் மிகும் என்று அஞ்சி மேலும் பூசுவர். 2018ஆம் ஆண்டு நடுவண் அரசு, ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அறிவித்தது. எனவே தாய்மார்களே! மருந்துக் கடையில் 'ஒரு நல்ல களிம்பு கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை விடுங்கள்.

இனி, தோலையும் எடையையும் ஒருசேர இணைக்கும் ஒரு செய்திக்கு வருவோம். இன்றைய உரையில் வேறெதனை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகின்றோம். சில பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் மடிப்பு மடிப்பாகக் காணப்படும். பார்ப்போர் அதனை அழுக்கு என்பர். அது அழுக்கன்று. உடலில் இன்சுலின் இருந்தும் அது சரிவர வேலை செய்யாதபோது இரத்தத்தில் அதன் அளவு மிகுகின்றது. அந்த மிகுதி தோலணுக்களைத் தூண்டிப் பெருகச் செய்கின்றது. மருத்துவ நூல்கள் இதனை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று குறிப்பிடும். பெரும்பாலும் உடல் எடை மிகுந்தோர்க்கும், சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ளோர்க்கும் இது தோன்றும். அஃதாவது, உள்ளே நடப்பதனை உடல் வெளியே எழுதிக் காட்டும் அறிவிப்புப் பலகை இது.

நாம் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் தனியே நிறுத்தி, 'கழுத்தைத் தேய்த்துக் குளித்துவிட்டு வா' என்றார். அவள் நம் சமுதாயத்துப் பெண். மறுநாளும் அதே சொல். மூன்றாம் நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று பார்த்தபோது, தேங்காய் நாரும் எலுமிச்சம்பழமும் கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கழுத்துப் புண்ணாகியிருந்தது. தாயையும் மகளையும் ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அனுப்பினோம். மருத்துவர் மகளின் கழுத்தைப் பார்த்துவிட்டு, இருவரின் எடையையும் பார்த்து, இருவருக்குமே இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்தார். தாய்க்குச் சர்க்கரை நோய் இருப்பது அன்றுதான் தெரியவந்தது. மகளுக்கு நோய் வரவில்லை. வருமுன் காக்கும் நிலையில் இருந்தாள். உணவிலும் விளையாட்டிலும் ஒழுங்கு வந்து ஓராண்டில் எடை சீரடைந்தபோது கழுத்தின் கருமையும் பெரிதும் குறைந்தது. நாரும் எலுமிச்சையும் செய்யாததனை நடையும் உணவும் செய்தன. ஆனால் அந்த மூன்று நாள்களில் அவள் பட்ட அவமானத்திற்கு என்ன மருந்து? ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அழுக்கு என்னும் சொல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவில் சுடுவதில்லை.

அடுத்து எடையைப் பற்றிக் காண்போம். நம் தாத்தா பாட்டியர் கூழும் களியும் உண்டு மெலிந்த உடலோடு நோயின்றி வாழ்ந்தனர் என்று சிலர் பெருமை பேசுகின்றனர். அவர்கள் மெலிந்திருந்தது உணவு முறையால் அன்று. அரை வயிற்றுக் கஞ்சியாலும் விடிந்தது முதல் அடைந்தது வரை பிறர் வயலில் உழைத்ததாலும். பசித்த வயிறு பள்ளிக்கு வராது என்பதனை இந்நாடு மெல்ல உணர்ந்தது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் காலத்தில் 1956இல் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. அந்த உணவை உண்டு படித்து வந்தவர்களே இன்று இம்மேடையிலும் இவ்வரங்கிலும் அமர்ந்திருக்கின்றோம்.

பசி பெரிதும் நீங்கியது. ஆனால் அதன் நினைவு நீங்கவில்லை. சோறு மலிந்தால் தட்டை நிரப்பிவிட வேண்டும் என்று தோன்றுகின்றது. பருத்த உடலைச் செழிப்பின் அடையாளமாகக் கருதுகின்றோம். அதே வேளையில் உழைப்பு குறைந்துவிட்டது. ஏர் பிடித்தவரின் மகன் எழுத்தராக நாற்காலியில் அமர்கின்றார். அது நாம் போராடிப் பெற்ற வளர்ச்சி. ஆனால் வயிறு மட்டும் இன்னும் ஏர் பிடித்தவரின் கணக்கிலேயே சோறு கேட்கின்றது. 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பத்துப் பெண்களில் நால்வர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அதே கணக்கெடுப்பில், பெண்களில் சரிபாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். உடல் பருத்தும் இரத்தம் வற்றியும் இருப்பது ஒரே வீட்டில், ஏன், ஒரே உடலிலும் காணப்படுகின்றது. சோறு மிகுந்து, சத்துக் குறைந்ததே இதற்குக் காரணம்.

எடை சரியா என்பதனை அறியும் கணக்கு எளிது. உயரத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்குங்கள். எடையை அந்த விடையால் வகுங்கள். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 1.5ஐ 1.5ஆல் பெருக்க 2.25 வரும். அவர் எடை 54 கிலோ எனில் ஈவு 24. இந்தியர்க்கு இந்த எண் 18.5க்கு மேலும் 23க்குக் கீழும் இருத்தல் நன்று. 25ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆகவே அவர் எடை 42 முதல் 51 கிலோ வரை இருப்பது நலம். இக்கணக்கு பெரியவர்களுக்கே, வளரும் பிள்ளைகளுக்கு வேறு அட்டவணை உண்டு. கணக்கு வேண்டாம் என்போர் இடுப்பை நாடாவால் அளக்கலாம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருப்பது நம்மவர்க்கு இயல்பாகையால், நாடா சொல்லும் செய்தியைப் பொருட்படுத்த வேண்டும்.

எடையைக் குறைக்க விலையுயர்ந்த தூள்கள் வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கைச் சற்றுத் திருத்தினால் போதும். நாளொன்றுக்கு ஐந்து முறை தேநீர் அருந்துவோர், முறைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை இட்டால், ஏறத்தாழ 50 கிராம் ஆகின்றது. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. 25 கிராமுக்குள் அமைவது நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. இரண்டு தேநீரை விட்டு, மற்றவற்றில் ஒரு கரண்டி குறைத்தாலே அந்த எல்லைக்குள் வந்துவிடலாம். எண்ணெய் ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து செலவிடுங்கள். உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராம், அஃதாவது ஒரு சிறு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

சோற்றைக் குறைத்து, அந்த இடத்தைக் கீரையும் காயும் பருப்பும் நிரப்பட்டும். தட்டில் பாதி காய்கறியாக இருத்தல் வேண்டும். கேழ்வரகு நல்லது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது, நார்ச்சத்தும் உண்டு. எனினும் அதுவும் மாவுப்பொருளே. களி என்பதற்காக மூன்று உருண்டை உண்டால் எடை குறையாது. முட்டை, மீன், கோழி, மாட்டிறைச்சி ஆகியவை புரதமும் இரும்பும் தருவன. மாட்டிறைச்சியை உண்போர் அதனை மறைத்து உண்ண வேண்டிய இழிவு எதுவும் இல்லை. கொழுப்பை நீக்கி, எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக்கி, அளவோடு உண்ணுங்கள். உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு நன்கு உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதே மருந்து என்பதனைத் திருவள்ளுவர் 95ஆம் அதிகாரத்தில் வற்புறுத்தியுள்ளார்.

மாணவியர்க்கு ஒரு சொல். எடை குறைய வேண்டும் என்று காலை உணவை விட்டுவிடாதீர்கள். வளரும் வயதில் பட்டினி கிடந்தால் குறைவது கொழுப்பு மட்டுமன்று. இரத்தமும் எலும்பின் வலிமையும் குறையும். வகுப்பில் மயக்கம் வரும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் உட்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடி ஆடுங்கள். மாதவிடாய் தொடங்கிய பெண்ணை விளையாட்டிலிருந்து விலக்கி வைக்கும் பழக்கத்தைப் பெற்றோர் கைவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட விரைவு நடை போதும். நாளொன்றுக்கு அரை மணி, ஐந்து நாள். இதனால் என்ன பயன் என்று கேட்போர்க்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 அளவில் குறைந்தது. மாத்திரை உண்டவர்கள் பெற்ற பயனுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

நிற்க. இயற்கை மருந்துகளைப் பற்றியும் சில கூற வேண்டும். மூலிகை அறிவு நமக்குப் புதிதன்று. சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாச பண்டிதர் (1845–1914) ஒரு சித்த மருத்துவர். 1907இல் சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டவரும் அவரே. தாம்பரம் சானட்டோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அத்தகைய மரபில் வந்த நாம், எது பயன்படும், எது பயன்படாது என்று ஆராய்ந்து கொள்ளும் கடமை உடையவர்கள்.

வறண்ட தோலுக்குக் குளித்த ஈரம் காயுமுன் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுதல் நன்று. பனிக்காலத்துக் கால் வெடிப்புக்கும் அது உதவும். சவர்க்காரம் ஒவ்வாதவர்கள் பயற்றமாவைப் பயன்படுத்தலாம். கற்றாழையின் தோலைச் சீவி, மஞ்சள் நீர் வடியும்படி நன்கு கழுவிய பின் சோற்றை மட்டும் எடுத்துப் பூசலாம். எதனையும் முதலில் முன்கையில் சிறிதளவு பூசி, ஒரு நாள் கழித்துப் பார்த்தல் வேண்டும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் செல்லாதீர்கள். தோல் வெந்து கொப்புளித்துக் கருமை மிகும். எருக்கம்பாலை மருவுக்கோ புண்ணுக்கோ இடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம் வழக்கம். அது துணையாகலாம், அதுவே போதும் என்று நின்றுவிடக் கூடாது. இரவில் மிகும் அரிப்பும் விரலிடுக்கில் பொரிப்பொரியாகத் தோன்றுவதும் சிரங்கின் அடையாளம். தோலுக்குள் குடையும் சிறு பூச்சியே அதற்குக் காரணம். மருத்துவர் தரும் மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில், கழுத்து முதல் உள்ளங்கால் வரை பூச வேண்டும். உடையையும் போர்வையையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றும். விடுதி மாணவர்கள் இதனை நன்கு நினைவிற் கொள்க. படர்தாமரை உள்ளவர்கள் துண்டையும் உள்ளாடையையும் பிறரோடு பகிரலாகாது. அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை பூச வேண்டும். உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காதீர்கள். அது தொழுநோயாக இருப்பினும், இலவச மருந்தால் முற்றிலும் குணமாகும். வெண்புள்ளி தொற்றுநோயன்று, அதனைக் குட்டம் என்று அழைப்பது அறியாமை.

முடிவாக, இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் தந்து கைதூக்கி விட்ட சங்கம் இது. அதன் படிப்பகத்தில் ஓர் எடை பார்க்கும் கருவியும், சுவரில் உயரம் காட்டும் கோடும், ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் வந்து அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிச் செல்லட்டும். முப்பது வயதைக் கடந்தோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதித்துக் கொள்ளட்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்கீழ்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகின்றனர். அவர்கள் வரும்போது கதவைத் திறந்து வைப்போம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தையைப் பார்த்தவுடன் 'நிறம் எப்படி?' என்று கேட்கும் வழக்கத்தை நம் வீட்டிலிருந்தே ஒழிப்போம். 'எடை எவ்வளவு?' என்று கேட்போம்; அக்கேள்விக்கு மருத்துவப் பொருள் உண்டு. பெண் பார்க்க வருவோர் நிறத்தைப் பேசினால், படிப்பைக் காட்டுவோம். பின்கழுத்துக் கறுத்த பிள்ளையைக் கண்டால் நாரை எடுக்காமல், கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். தன் தோலைக் குறித்து வெட்கப்படாத பிள்ளையே வகுப்பில் கையை உயர்த்திக் கேள்வி கேட்கும். கேள்வி கேட்கும் பிள்ளையே கல்வியில் உயரும்.